எந்தச் செக்?

(உதியன்குளங்கரையில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது ஆங்கிலச் சொல். ஆனால் ஆங்கிலம் படிக்காதவர்களும் அதைத் தினமும் சொல்கிறார்கள். நம் ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு மொழிக்காரர்களுக்கும் அந்தச் சொல் ஒன்றுதான். அந்தச் சொல் 'செக்'.

சிரிக்கிறீர்கள். செக் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் எந்தச் செக்?

நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறுங்கள். பாறசாலைப் பக்கம் வருகிற பஸ். பக்கத்தில் இருக்கிறவர் செக் சட்டை போட்டிருக்கிறார். அவர் ஆஸ்பத்திரிக்குச் செக்-அப்புக்குப் போகிறார். பின் சீட்டு அக்கா வங்கியில் செக்கு மாறப் போகிறார். முன் சீட்டுப் பையன் செல்போனில் சதுரங்கம் ஆடுகிறான். 'செக்!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பாலம் தாண்டி அமரவிளை வருகிறது. அங்கே செக் போஸ்ட். அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் செக்கிங்குக்கு ஒருவர் ஏறுகிறார். உதியன்குளங்கரையில் நாம் இறங்குவதற்குள் ஆறு செக் வந்துவிட்டது. ஆறும் ஒன்றா? இல்லை.

தேங்காய் ஆட்டுகிற செக்கும் உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டு. அது நம் சொந்தச் சொல். வ.உ.சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர் சிறையில் இழுத்தது அந்தச் செக்கைத்தான். அதற்கும் ஆங்கிலச் செக்குக்கும் உறவு இல்லை. ஓசை மட்டும் ஒத்துப்போகிறது.

ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பது நமக்குப் புதிதல்ல. 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் படி என்கிறோம். வாசல் படி என்கிறோம். ஒரு படி அரிசி என்கிறோம். சொன்னபடி செய் என்கிறோம். நாம் குழம்புவதில்லை. ஏன்? பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்க்கிறோம். அது பொருளைக் காட்டிக் கொடுக்கிறது. செக் என்ற சொல்லையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தனியாக நின்றால் அது பாதிச் சொல். போஸ்ட், சட்டை, அப், லீஃப் என்று பக்கத்தில் ஒன்று வந்தால்தான் முழுச் சொல்.

ராஜாவுக்கு ஆபத்து

இத்தனை செக்கும் எங்கிருந்து வந்தன? கதை நம் நாட்டில் தொடங்குகிறது.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்த ஆட்டம். இங்கிருந்து அது பாரசீகத்துக்குப் போனது. பாரசீகம் என்பது இன்றைய ஈரான். அங்கே ராஜாவுக்கு 'ஷா' என்று பெயர். எதிராளியின் ராஜாவைத் தாக்குகிற இடத்தில் காயை வைத்தவுடன் 'ஷா!' என்று சொல்வார்கள். 'உன் ராஜாவைப் பார், ஆபத்து' என்று அதற்கு அர்த்தம்.

ஆட்டம் அரபு நாடுகளுக்குப் போனது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. போகிற வழியில் 'ஷா' என்ற சொல்லும் வாய்க்கு வாய் மாறியது. பிரெஞ்சுக்காரர் வாயில் ஒரு மாதிரி. ஆங்கிலேயர் வாயில் 'செக்'. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் அது ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. 'ஷா மாத்' என்ற சொல்தான் 'செக்மேட்' ஆனது. ராஜாவுக்கு இனி வழி இல்லை என்று பொருள். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். அந்த ஆட்டத்தில் ஒலிக்கும் 'செக்' என்ற சொல், நம் நாட்டு ஆட்டத்தோடு உலகம் சுற்றித் திரும்பி வந்த சொல்.

செக் சொன்னவுடன் ஆடுகிறவர் என்ன செய்ய வேண்டும்? மற்ற வேலையை எல்லாம் நிறுத்த வேண்டும். ராஜாவைப் பார்க்க வேண்டும். ஆபத்தை நீக்கிவிட்டுத்தான் மறு வேலை. ஆகவே செக் என்றால் 'நில்' என்று ஒரு பொருள் வந்தது. நின்றால் என்ன செய்வோம்? பார்ப்போம். ஆகவே 'சோதித்துப் பார்' என்று இன்னொரு பொருள் வந்தது.

நில், பார். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். மற்றச் செக்குகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

ஓடையின் குறுக்கே கட்டுகிற சிறு அணைக்குச் செக் டேம் என்று பெயர். தமிழில் தடுப்பணை. அது ஓடுகிற தண்ணீரை நிறுத்துகிறது. டாக்டரிடம் செக்-அப் என்றால், உடம்பைப் பார்ப்பது. விமான நிலையத்தில் செக்-இன் என்றால், நின்று, டிக்கெட்டையும் பெட்டியையும் காட்டிவிட்டு உள்ளே போவது. லாட்ஜில் செக்-இன் என்றால் அறை எடுப்பது. செக்-அவுட் என்றால் அறையைக் காலி செய்வது. பத்திரிகையில் 'ஒரு கட்சி மற்றக் கட்சிக்குச் செக் வைத்தது' என்று எழுதுகிறார்கள். அது சதுரங்கத்திலிருந்து நேராக வந்தது.

செக் சட்டை? சதுரங்கப் பலகையில் கட்டம் கட்டமாக இருக்கும். அதே மாதிரி துணியில் கட்டம் இருந்தால் அது செக். நம் கட்டம் போட்ட லுங்கியும் செக்தான். மதராஸ் பக்கத்துக் கைத்தறிக் கட்டத் துணி கடல் கடந்து பல நாடுகளுக்குப் போனது. 'மெட்ராஸ்' என்றே அதற்குப் பெயர். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் மெட்ராஸ் சட்டை பெயர் பெற்றது. துவைத்தால் அதன் சாயம் போகும். அதையே ஓர் அழகு என்று சொல்லி விற்றார்கள்.

எல்லையில் ஒரு செக்

செக் போஸ்ட் நமக்கு நன்றாகத் தெரியும். நாம் எல்லைக்காரர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் அன்றைய மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம். அதனால் வழியில் செக் போஸ்டுகள் வந்தன.

அமரவிளையில் சரக்கு லாரிகள் வரிசையாக நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். வணிகவரிச் செக் போஸ்டில் ஒவ்வொரு லாரியும் பில்லைக் காட்ட வேண்டும். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதன்பின் அந்தச் செக்குக்கு வேலை இல்லாமல் போனது. மதுவும் கஞ்சாவும் கடத்துகிறார்களா என்று பார்க்கிற எக்சைஸ் செக் போஸ்ட் வேறு. வெளி மாநிலத்துப் பால் நல்ல பாலா என்று பார்க்கிற பாறசாலைச் சோதனை வேறு.

ஆக, செக் போஸ்ட் என்றாலும் 'எந்தச் செக் போஸ்ட், எதைப் பார்க்கிறார்கள்' என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒருவர் வரியைப் பார்க்கிறார். ஒருவர் மதுவைப் பார்க்கிறார். ஒருவர் பாலைப் பார்க்கிறார்.

பணமாகிற தாள்

இனி நாம் முக்கியமாகப் பேச வேண்டிய செக்குக்கு வருவோம். அது வங்கிச் செக். தமிழில் காசோலை.

ஓசையில் இதுவும் செக்தான். ஆனால் எழுத்தில் வேறு. சோதிக்கிற செக்குக்கு ஆங்கிலத்தில் சி, எச், இ, சி, கே என்று ஐந்து எழுத்து. வங்கிச் செக்குக்கு சி, எச், இ, க்யூ, யூ, இ என்று ஆறு எழுத்து. அமெரிக்காவில் மட்டும் இரண்டையும் ஐந்து எழுத்திலேயே எழுதுகிறார்கள். தமிழில் எழுதினால் வேறுபாடு தெரியாது. ஆங்கிலத் தாளைப் பார்க்கும்போது 'க்யூ' எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது பணச் சங்கதி.

பணத்தாளுக்கு ஏன் செக் என்று பெயர் வந்தது? இங்கிலாந்தில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் பணத்தாளோடு ஓர் அடிக்கட்டை இருக்கும். தாள் வெளியே போகும். அடிக்கட்டை உள்ளே இருக்கும். தாள் திரும்பி வந்தால் அடிக்கட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். மோசடி இருந்தால் தெரிந்துவிடும். செக் செய்ய உதவியதால் அது செக். பிறகு அந்தத் தாளுக்கே அந்தப் பெயர் நிலைத்தது.

இதையும் பாருங்கள். செக் என்ற தாள் பிறந்ததே ஏமாற்றைத் தடுக்கத்தான். ஆனால் கவனிக்காதவர் கையில் அதே தாள் ஏமாற்றுக்கு வழியாகிறது.

செக்கில் என்ன என்ன இருக்கிறது? வலது பக்கம் மேலே தேதி. அதற்குக் கீழே யாருக்குப் பணம் என்று பெயர். அடுத்து தொகை எழுத்தால். பக்கத்துக் கட்டத்தில் தொகை எண்ணால். வலது பக்கம் கீழே கையெழுத்து. அடியில் செக் நம்பர். இவ்வளவுதான்.

எழுத்தாலும் எண்ணாலும் இரண்டு தடவை ஏன்? 5,000 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபர் போட்டால் 50,000 ஆகிவிடும். ஒரு நொடி வேலை. ஆனால் 'ஐயாயிரம்' என்ற எழுத்தை 'ஐம்பதாயிரம்' ஆக்குவது எளிதல்ல. எண்ணும் எழுத்தும் வேறு வேறாக இருந்தால் எழுத்தில் உள்ளதே தொகை என்று சட்டம் சொல்கிறது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் அது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்று பெயர். நடைமுறையில் அப்படிப்பட்ட செக்கை வங்கிகள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். எண் தெரிந்தால் போதும், எழுத்து எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

செக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. ஆங்கிலம், இந்தி, அந்த மாநிலத்தின் மொழி எதிலும் எழுதலாம். தமிழில் கையெழுத்துப் போட்டுக் கணக்குத் தொடங்கியவர் செக்கிலும் தமிழிலேயே கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு அது ஒத்திருக்க வேண்டும்.

இடது பக்கம் மேல் மூலையில் இரண்டு கோடு போட்டால் அது கிராஸ் செக். அந்தப் பணத்தை கவுண்டரில் ரொக்கமாக வாங்க முடியாது. ஒரு வங்கிக் கணக்கில்தான் போய்ச் சேரும். கோடு போடாமல், 'பேரர்' என்ற சொல்லையும் அடிக்காமல் விட்டால், அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர் பணம் வாங்கிவிடலாம். பஸ்ஸில் விழுந்தாலும், எடுத்தவர் வாங்கலாம். இரண்டு கோடு போட எவ்வளவு நேரம்?

செக்குக்கு ஆயுளும் உண்டு. முன்பு ஆறு மாதம் இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான். அதற்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

வெற்றுச் செக்

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு அக்காவுக்கு அவசரமாக 20,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. வங்கியில் கேட்டால் நாள் ஆகும். வட்டிக்குக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். நம் பக்கத்தில் 'பிளேடு' என்கிறோமே, அந்த ஆள். அவர் சொல்கிறார்: "பணம் தாறேன் அக்கா. ஒரு செக் லீஃப்ல கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்க. தொகை எழுத வேண்டாம். தேதியும் வேண்டாம். சும்மா ஒரு நம்பிக்கைக்கு."

அக்கா நினைக்கிறார்: 'தொகைதான் எழுதவில்லையே. வெறும் தாள்தானே.'

இல்லை அக்கா. அது வெறும் தாள் இல்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் அவர் 20,000 என்று எழுதலாம். 2,00,000 என்றும் எழுதலாம். அவர் விரும்பிய தேதியைப் போடலாம். வங்கியில் கொடுப்பார். கணக்கில் பணம் இருக்காது. செக் திரும்பும். உடனே வழக்கு.

'நான் தொகை எழுதவில்லை' என்று சொன்னால் போதாதா? போதாது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பீர் சிங் என்பவருக்கும் முகேஷ் குமார் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கு. ஒருவர் தாமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு கடனுக்காகக் கொடுத்த செக், எழுதாத வெற்றுச் செக்காக இருந்தாலும், கடனைத் தீர்க்கக் கொடுத்ததாகவே முதலில் எடுத்துக்கொள்ளப்படும் என்று நீதிமன்றம் சொன்னது. 'அவ்வளவு கடன் இல்லை' என்று காட்ட வேண்டிய பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. கையில் ரசீதும் சாட்சியும் இருந்தால் காட்டலாம். இல்லாதவர் எதைக் காட்டுவார்?

சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, கடனுக்காகக் கொடுத்த செக் பணம் இல்லாமல் திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். அல்லது இரண்டும். 'பணம் கொடுக்காதே' என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் இந்த வழக்கிலிருந்து தப்பிவிட முடியாது.

ஆனால் சட்டம் நமக்கும் கொஞ்சம் நேரம் தருகிறது. செக் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் அவர் நமக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் நம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் நமக்கு உண்டு. அதற்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. பொய்க் கணக்கு என்றால் அதற்குள் வக்கீலைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் வந்தால் பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வாங்குங்கள். வாசியுங்கள். வாசிக்கத்தானே நாம் படித்தோம்!

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

கொள்ளை வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச்சட்டம் வந்தது. கேரளத்தில் 2012இல் வந்தது. 2014 மே மாதம் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் வட்டிக்காரர்களைச் சோதனை போட்டது. பல இடங்களில் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்குகள் கிடைத்தன. எத்தனை வீட்டுக் கண்ணீர் அந்தத் தாள்களில் இருந்திருக்கும்!

கடன் வாங்குவது குற்றம் அல்ல. அவசரம் எல்லோருக்கும் வரும். ஆனால் கொடுக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும். தொகையை நாமே எழுத வேண்டும். தேதியை நாமே எழுத வேண்டும். செக் நம்பரை நம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். பணம் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் ரசீது வாங்க வேண்டும். கடன் தீர்ந்த அன்றே செக்கைக் கேட்டு வாங்க வேண்டும். 'பிறகு தாறேன்' என்றால் விடக்கூடாது.

இரண்டு கையெழுத்து எதற்கு?

குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியது. நம்மில் பலர் அயல்கூட்டத்தில் இருக்கிறோம். அயல்கூட்டத்தின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவியும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏன் இரண்டு பேர்? ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கத்தான். அதுவும் ஒரு செக்தான்!

ஆனால் சில இடங்களில் என்ன நடக்கிறது? "அக்கா, நீங்க வேலைக்குப் போயிருவீங்க. பத்து செக்கிலும் இப்பவே கையெழுத்துப் போட்டு வச்சிருங்க. நான் பார்த்துக்கிறேன்" என்கிறார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு இரண்டு கையெழுத்துக்கு என்ன பொருள்? பார்க்க வேண்டியவர் பார்க்காமலே பார்த்ததாக ஆகிவிடுகிறது. நாளை கணக்கில் குறை வந்தால் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். பல ஆண்டுச் சிநேகம் முறியும்.

கூடப் பிறந்தவளே கேட்டாலும் 'எழுதிக் கொண்டு வா, வாசித்துவிட்டுப் போடுகிறேன்' என்று சொல்லுங்கள். அது சந்தேகம் அல்ல. அது ஒழுங்கு.

பாஸ்போர்ட்டில் ஒரு செக்

இன்னொரு செக். இது பாஸ்போர்ட்டில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். ஆகவே இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'இ.சி.ஆர்.' என்று இருக்கும். நடுவில் உள்ள 'சி' என்ற எழுத்துக்குச் செக் என்று பொருள். வேலைக்கு வெளிநாடு போகுமுன் சோதனை தேவை என்பது முழு அர்த்தம். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, இவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஏற்பாடு இது. திருவனந்தபுரத்தில் அந்த அலுவலகம் இருக்கிறது.

'படிக்காதவனைத் தடுக்கிறார்கள்' என்று சிலர் கோபப்படுகிறார்கள். தடுப்பது யாரை என்று பார்க்க வேண்டும். என்ன வேலை, என்ன சம்பளம், யார் கூப்பிடுகிறார்கள், காப்பீடு இருக்கிறதா என்பதை அங்கே பார்க்கிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்க்கிறார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம்.

'செக் எல்லாம் எதற்கு? டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுகிறேன். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்கிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சுலபமாகத் தெரியும். ஆனால் அப்படிப் போனவருக்கு அங்கே சம்பளம் கிடைக்காவிட்டால் கையில் ஒப்பந்தம் இல்லை. காட்ட ஒரு தாள் இல்லை. சோதனையைத் தாண்டிக் குதித்ததால் பாதுகாப்பையும் தாண்டிக் குதித்துவிட்டார்.

பத்தாம் வகுப்புத் தேறினால் இந்தச் செக் தேவையில்லை. சமநிலைப் படிப்புக்குச் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல காரணம்.

செல்போனில் புதுச் செக்

இப்போது செல்போனிலும் ஒரு செக் வருகிறது. 'உங்கள் கணக்குக்குப் பணம் வந்திருக்கிறது. செக் செய்ய இங்கே தொடுங்கள். இரகசிய எண்ணைப் போடுங்கள்.' இது செக் அல்ல, கொக்கி! பணம் வாங்குவதற்கு இரகசிய எண் வேண்டாம். பணம் கொடுப்பதற்குத்தான் வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

அன்பானவர்களே, சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஆபத்து என்றால் எதிராளியே 'செக்' என்று சொல்வதுண்டு. வாழ்க்கையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நமக்கு நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தாளைப் பாருங்கள். தெரியாத சொல் இருந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். 'எந்தச் செக்?' என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு ஒருவர் கோபப்பட்டால் அவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயரை எழுதக் கற்றுக்கொள்ள நாம் எவ்வளவு பாடுபட்டோம்! பகல் வேலை முடிந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, இரவில் வந்து படித்தோம். அந்தக் கையெழுத்து நம் சொத்து. அதை வெறும் தாளில் கொடுத்துவிடக் கூடாது.



பயிற்சி

1. கீழே உள்ள வாக்கியங்களை வாசியுங்கள். எது சோதனை, எது பணம், எது கட்டம், எது தடுப்பு என்று எழுதுங்கள்.
அ) அண்ணன் ஒரு செக் லுங்கி வாங்கினார்.
ஆ) அயல்கூட்டத்துக்கு வங்கி 50,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தது.
இ) ஓடையில் பஞ்சாயத்து ஒரு செக் டேம் கட்டியது.
ஈ) ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை செக் செய்ய வேண்டும்.

2. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு செக்கை உங்கள் நோட்டில் வரையுங்கள். தேதி, பெயர், தொகை எழுத்தால், தொகை எண்ணால் எல்லாம் எழுதுங்கள். இரண்டு கோடு போடுங்கள். கடைசியாகக் கையெழுத்துப் போடுங்கள்.

3. கூடிப் பேசுங்கள்: உங்களுக்கு நெருங்கிய ஒருவர் வெற்றுச் செக் கேட்டால், அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பீர்கள்?